ஒலிக்குத் திசை தந்த அலன் புளூம்லைன்

கணினி விளையாட்டுக்கென்று ஹெட்போன் வாங்கப்போகும் இளைஞர்கள் முதலில் தேடுவது, பெட்டியில் பெரிதாக அச்சிட்டிருக்கும் 7.1 என்ற எண்ணை. சுற்றிவர ஏழு ஒலிபெருக்கிகளும், அடித்தொனிக்கென்று இன்னொன்றும் வைத்ததுபோலக் கேட்கும் என்பது அந்த எண்ணின் பொருள். எதிராளி எந்தப் பக்கத்தால் வருகிறான் என்பதைக் காலடி ஓசையை வைத்தே கண்டுபிடிக்க வேண்டிய விளையாட்டுகளில் அதற்கு நல்ல மவுசு. ஆனால் மனிதருக்குக் காது இரண்டுதான். இரண்டு காதுகளுக்கும் பொருத்தமான வேறுபாட்டோடு இரண்டு ஒலிகள் போய்ச் சேர்ந்தால் திசை தானாகத் தெரியும். இதை அடிப்படையாக வைத்து 1931ஆம் ஆண்டிலேயே ஆக்கவுரிமை கோரியவர் அலன் டவர் புளூம்லைன் என்ற ஆங்கிலேயப் பொறியியலாளர். நாம் இன்று ஸ்டீரியோ என்று சொல்வதன் அடித்தளம் அவருடையது. 38 வயதில், போருக்கான ஒரு பரிசோதனைப் பறப்பில் அவர் உயிரிழந்தார்.

புளூம்லைன் 1903 ஜூன் 29 அன்று இலண்டனின் ஹம்ப்ஸ்டெட் பகுதியில் பிறந்தார். தந்தை செமி புளூம்லைன் ஜேர்மனியில் பிறந்து பிரித்தானியக் குடியுரிமை பெற்றவர். யூத வழி வந்த குடும்பம். தாய் ஜெஸி டவர், தென்னாபிரிக்காவில் பணியாற்றிய மிஷனரி ஒருவரின் மகள். ஏழு வயதில் வீட்டு அழைப்புமணியைத் திருத்திவிட்டு, தன்னை மின் பொறியியலாளர் என்று குறிப்பிட்டு அதற்கான பில்லையும் எழுதித் தந்தையிடம் கொடுத்ததாக அவரைப்பற்றி ஒரு கதை உண்டு. அதேவேளை, பன்னிரண்டு வயதுவரை அவருக்குச் சரளமாக வாசிக்க வரவில்லை என்பது சகோதரியின் நினைவு. வாசிப்பில் பின்தங்கிய பிள்ளையைக் கடைசி வாங்கில் இருத்திவிட்டு மறந்துபோகும் ஆசிரியர்கள் இதை ஒருமுறை யோசிக்கலாம்.

ஹைகேட் பாடசாலையிலிருந்து இலண்டன் சிற்றி அன்ட் கில்ட்ஸ் கல்லூரிக்குப் போனவர், இரண்டே ஆண்டுகளில் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். 1924இல் கிடைத்த முதல் தொழில் தொலைபேசித் துறையில். நீண்டதூரக் கம்பிகளில் ஒருவர் பேசுவது பக்கத்துக் கம்பிக்குள் கசிந்து, சம்பந்தமில்லாத இன்னொருவருக்குக் கேட்கும். அந்தக் கசிவைக் குறைப்பதே அவருடைய வேலை. அதற்காகச் சுவிற்சர்லாந்திலும் சில காலம் இருந்தார். 1929இல் கொலம்பியா கிராபோபோன் நிறுவனத்துக்கு மாறினார். இசைத்தட்டு வெட்டும் முறைக்கு அமெரிக்கர்கள் ஆக்கவுரிமை வைத்திருந்த காலம் அது. அந்த உரிமைக்குள் அகப்படாத புதிய முறையொன்றை அவர் உருவாக்கிக் கொடுத்ததால், அமெரிக்கருக்குக் கட்டவேண்டிய கட்டணம் நிறுவனத்துக்கு மிச்சமானது. 1931இல் கொலம்பியாவும் கிராமபோன் கம்பனியும் இணைந்து ஈஎம்ஐ ஆனது.

அதே 1931இல்தான் அந்தப் படம் பார்த்த சம்பவம். பின்னர் மனைவியான டொரீனுடன் தியேட்டருக்குப் போயிருந்தார். பேசும்படம் வந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. திரையில் ஒருவர் ஒரு கரையில் நிற்க, குரலோ அவரோடு சம்பந்தமில்லாத இடத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. மற்றவர்கள் அதைக் கவனிக்காமலே பழகிவிட்டார்கள். புளூம்லைனால் முடியவில்லை. ஆள் நடக்கும் பக்கமெல்லாம் குரலும் கூடவே நடக்க ஒரு வழி தனக்குத் தெரியும் என்று டொரீனிடம் சொன்னாராம். அந்த ஆண்டு டிசம்பர் 14இல் விண்ணப்பித்த ஆக்கவுரிமை, 394,325 என்ற இலக்கத்தோடு 1933 ஜூனில் ஏற்கப்பட்டது. அதில் 70 கோரிக்கைகள் இருந்தன. ஸ்டீரியோ என்ற சொல்லை அவர் பாவிக்கவில்லை. இருசெவி ஒலி என்ற பொருளிலேயே எழுதினார்.

அவர் எடுத்துக்கொண்ட கணக்கு எளிமையானது. வலப்பக்கமிருந்து வரும் ஒலி வலக்காதை முதலில் தொடும். தலையைச் சுற்றிப் போய் இடக்காதை அடையச் சற்றுப் பிந்தும். அந்தப் பிந்தல் மிகக்கூடினாலும் ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்கைத் தாண்டாது. ஆனாலும் மூளை அதைப் பிடித்துவிடும். அடித்தொனிகளுக்கு இந்த நேர வித்தியாசம் உதவும். கீச்சென்ற ஒலிகளைத் தலையே மறிப்பதால் மற்றக் காதில் சத்தம் குறையும். அதுவும் ஒரு தடயம். கிபிர் எந்தப் பக்கத்தால் வருகிறது, ஷெல் எங்கிருந்து குத்துகிறார்கள் என்பதைக் கேட்டே பங்கருக்குள் இறங்கிய எம்மவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. படிக்காத பாடமாக எல்லோரும் படித்திருந்தோம்.

புளூம்லைன் தீர்த்த சிக்கல் இன்னும் ஒரு படி அப்பாற்பட்டது. இரண்டு ஒலிவாங்கிகளைத் தலையின் இரு பக்கமும் வைப்பதுபோல வைத்துப் பதிவுசெய்து, ஹெட்போனில் கேட்டால் திசை தெரியும். அதையே இரண்டு ஒலிபெருக்கிகளில் போட்டால் இரண்டின் ஒலியும் இரண்டு காதுகளுக்கும் போய்விடும். நேர வித்தியாசம் குழம்பிப்போகும். ஆகவே நேர வித்தியாசத்தைச் சத்த அளவின் வித்தியாசமாக மாற்றும் ஒரு மின்சுற்றை வகுத்தார். இரண்டு ஒலிவாங்கிகளை ஒரே இடத்தில் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் வைத்துப் பதிவுசெய்யும் முறையும், ஒரே பள்ளத்தின் இரு சுவர்களிலும் இரண்டு ஒலிகளைப் பதிக்கும் இசைத்தட்டும் அதே ஆவணத்தில் உண்டு. அந்த ஒலிவாங்கி முறையை இன்றும் அவருடைய பெயராலேயே அழைக்கிறார்கள்.

இங்கேதான் இன்றைய ஹெட்போன் விடயம் வருகிறது. ஹெட்போனில் இடது ஒலி இடக்காதுக்கும் வலது ஒலி வலக்காதுக்கும் தனித்தனியே போகிறது. ஆகவே ஒரு கோப்பைக்குள் எத்தனை ஒலிக்கருவி இருக்கிறது என்பதல்ல முக்கியம். இரண்டு கோப்பைகளும் ஒரே அளவில், ஒரே தன்மையில் ஒலிக்கின்றனவா என்பதே முக்கியம். ஒரு பக்கம் சற்று மந்தமாக இருந்தாலே காலடி ஓசை இடம் மாறிக் கேட்கும். 7.1 என்று விற்பதில் பெரும்பாலானவை சாதாரண இரண்டு ஒலிக்கருவிகளும் ஒரு மென்பொருளுமே. முன்னாலா பின்னாலா, மேலேயா கீழேயா என்பதைக் காதுமடலின் மடிப்புகள்தான் எமக்குக் காட்டித்தருகின்றன. அதைக் கணித்துப் போடும் வசதியை வலோரன்ட், கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 போன்ற விளையாட்டுகள் தாமே வைத்திருக்கின்றன. அதையும் போட்டு, ஹெட்போனின் 7.1ஐயும் போட்டால் இரண்டு கணக்கும் ஒன்றின்மேல் ஒன்று ஏறித் திசை கலங்கிவிடும். ஒன்றை அணைத்துவிடுங்கள். அந்த எண்ணுக்காகக் கூடுதல் காசு கொடுக்கத் தேவையில்லை என்பதே என் அபிப்பிராயம்.

கம்பியுள்ளதா, கம்பியற்றதா? தொலைபேசியில் விளையாடுபவர்களுக்கு 3.5 மில்லிமீற்றர் கம்பி ஹெட்போனே பாதுகாப்பான தெரிவு. சாதாரண புளூடூத்தில் ஒலி சற்றுப் பிந்தி வரும். படம் பார்க்கும்போது தெரியாது, சுடும் விளையாட்டில் தெரியும். பின்புறம் திறந்த ஹெட்போனில் ஒலி விசாலமாகக் கேட்கும், உண்மைதான். ஆனால் உள்ளிருக்கும் சத்தம் வெளியே கேட்கும், வெளிச்சத்தம் உள்ளே வரும். சத்தமான இடத்தில் அதைப் போட்டால் ஒலியைக் கூட்டிக் கூட்டிக் காதைக் கெடுத்துக்கொள்வதுதான் மிச்சம். வளர்ந்தவர்கள் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணித்தியாலங்கள் வரை கேட்கலாம் என்பது உலக சுகாதார அமைப்பின் அளவு. பிள்ளைகளுக்கு 75 டெசிபல்.

எங்கள் வீடுகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. விறாந்தையில் ஒரு பிள்ளை விளையாட, கணினியிலிருந்து வேட்டுச்சத்தமும் வெடிச்சத்தமும் வரும்போது, குசினிக்குள் நிற்கும் தாய்க்கோ அம்மம்மாவுக்கோ கை நடுங்குகிற வீடுகள் இருக்கின்றன. பின்புறம் மூடிய ஹெட்போன் அந்த வீட்டில் மற்றவர்களுக்கான பொருள்.

ஷெல் வெடிப்பில் ஒரு காதின் கேள்திறனை இழந்தவர்களும் எம்மிடையே பலர். ஸ்டீரியோவில் ஒரு பக்கத்துக்கென்று ஒதுக்கிய ஒலி அவர்களுக்கு அடியோடு கேட்காமலே போய்விடும். அன்ட்ரொய்ட், ஐபோன், விண்டோஸ் மூன்றிலும், அணுகல் வசதிகள் என்ற பகுதிக்குள் மோனோ ஒலி என்ற தெரிவு இருக்கிறது. அதைப் போட்டால் இரு பக்க ஒலியும் ஒன்றாகி நல்ல காதுக்கு வரும். திசை தெரியாது; ஆனால் எதுவும் தவறாது. போர்ட்நைற் விளையாட்டில் காலடியும் வேட்டும் வரும் திசையைத் திரையிலேயே அடையாளமாகக் காட்டும் வசதி உண்டு. அவர்களுக்கு விலைகூடிய ஹெட்போனைவிட இதுவே பயன்.

புளூம்லைனின் கதைக்குத் திரும்புவோம். 1934 ஜனவரியில் இலண்டன் அபே றோட் ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர் தோமஸ் பீச்சம் நடத்திய மோட்சார்ட் ஒத்திகையை அவர் இரு வழிகளில் பதிவுசெய்தார். 1935இல், ஈஎம்ஐ வளாகம் இருந்த ஹேய்ஸ் புகையிரத நிலையத்தில் ரயில்கள் கடந்துபோவதைப் படம்பிடித்து, வண்டியோடு ஒலியும் நகர்வதைக் காட்டினார். கம்பனிக்கு அதில் வருமானம் தெரியவில்லை. அவரும் சகாக்களும் தொலைக்காட்சிக்குத் திருப்பப்பட்டார்கள். 1936 நவம்பர் 2இல் பிபிசி தொடங்கிய தொலைக்காட்சிச் சேவையில் ஜோன் பெயார்டின் முறையோடு போட்டியிட்டு வென்ற 405 கோட்டு முறையை உருவாக்கிய குழுவில் அவர் முக்கியமானவர். தன் குறுகிய வாழ்நாளில் பெற்ற ஆக்கவுரிமைகள் 128.

போர் வந்ததும் அந்தத் திறமை முழுவதும் போருக்குப் போனது. 1940இல் ஜேர்மன் விமானங்கள் இரவில் வந்து இலண்டன்மீது குண்டு போட்டன. அவற்றைத் தேடிப்போன பிரித்தானிய விமானங்களில் ராடார் இருந்தது. ஆனால் கிட்ட நெருங்கியதும் இலக்கு மறைந்துவிடும். ஈஎம்ஐயில் புளூம்லைனின் குழு செய்த பாகமொன்று அந்தக் குறையைப் பெருமளவு நீக்கியது. அடுத்தது எச்2எஸ் என்ற ராடார். முகிலும் இருளும் மூடியிருந்தாலும் கீழே இருக்கும் நிலத்தையும் நகரத்தையும் விமானத்துக்குள் ஒரு திரையில் காட்டும் கருவி அது. குண்டுபோடப் போகும் விமானங்களுக்காகச் செய்தது.

1942 ஜூன் 7 பிற்பகல், அந்தக் கருவியைப் பரிசோதிக்கப் புறப்பட்ட ஹலிபக்ஸ் விமானத்தில் புளூம்லைனும் ஈஎம்ஐ சகாக்களான சிசில் பிரௌன், பிராங்க் பிளைதன் ஆகியோரும் ஏறினார்கள். இங்கிலாந்தின் ஹியபோர்ட்ஷயர் பகுதியில் வெல்ஷ் பிக்னோர் என்ற கிராமத்துக்கு அருகே ஓர் இயந்திரத்தில் தீப்பிடித்து விமானம் விழுந்து நொறுங்கியது. இருந்த 11 பேரும் இறந்தார்கள். பராமரிப்பின்போது சரியாக இறுக்காமல் விட்ட ஒரு நட்டுதான் காரணம் என்று விசாரணை முடிவுசெய்தது. பின்னாளில் வானொலித் தொலைநோக்கியால் பெயர்பெற்ற பேர்னாட் லவல் அப்போது அந்தத் திட்டத்தில் இருந்தவர். எதிரியிடம் அகப்படக்கூடாத இரகசியப் பாகத்தை மீட்க அவரே விழுந்த இடத்துக்குப் போனார்.

விபத்தை வெளியே சொல்லவில்லை. இத்தனை நிபுணர்கள் ஒரே நாளில் போய்விட்டார்கள் என்று ஜேர்மனிக்குத் தெரியக்கூடாது என்பது காரணம். குடும்பங்களும் வாய்திறக்க முடியாத நிலை. இரண்டு சிறு மகன்களோடு இருந்த டொரீனுக்குக் கணவர் எதற்காகப் பறந்தார் என்பதை வெளியில் சொல்லும் உரிமை இல்லை. சாவு எங்கே, எப்படி என்று பேசவே முடியாமல் துக்கம் காத்தவர்களுக்கு அந்த மௌனத்தின் பாரம் தெரியும். டொரீனுக்குக் குறைந்தபட்சம் ஓர் உடலும் ஒரு திகதியும் இருந்தன.

அவர் விட்டுப்போன கருவி 1943 ஜனவரி இறுதியில் முதன்முறையாகக் குண்டுவீச்சுக்குப் போனது. இலக்கு ஹம்பேர்க். அதே ஆண்டு ஜூலையில் அந்நகரம் தீப்புயலில் எரிந்தபோதும் இந்தக் கருவி வழிகாட்டியது. பல்லாயிரம் பொதுமக்கள் மாண்டார்கள். தந்தை பிறந்த நாட்டின் நகரங்கள் அவை. அவர் உயிரோடிருந்தால் அதைப்பற்றி என்ன நினைத்திருப்பார் என்பதை நாம் ஊகிக்க முடியாது. அவருடைய வாழ்க்கையை எழுதுபவர்கள் பலர் ஹம்பேர்க்கை ஒரு வரியில் தாண்டிப் போவதுதான் எனக்கு உறுத்துகிறது.

ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளுக்குப் பரவலாக வந்தது 1958இல், அவர் இறந்து 16 ஆண்டுகளுக்குப் பின். 1977இல் இலண்டன் ஈலிங்கில் அவர் வாழ்ந்த வீட்டில் நீல நினைவுப்பலகை வைத்தார்கள். 2017இல் தொழில்நுட்பத்துக்கான கிராமி விருது கொடுத்தார்கள். ஹேய்ஸ் ரயில் படம் அழியாமல் இருக்கிறது; இணையத்தில் பார்க்கலாம். புதிய ஹெட்போன் வாங்கினால் அதை ஒருமுறை போட்டுப் பாருங்கள். வண்டி திரையில் போகும் பக்கத்துக்கே ஒலியும் போகவேண்டும். எதிர்ப்பக்கம் போனால் கோப்பைகளை மாற்றி மாட்டியிருக்கிறீர்கள். நடுவிலேயே நின்றால் மோனோ தெரிவு போட்டபடி கிடக்கிறது.