ஹார்மோன் ஊசியை நம்பிய டாக்டர்: யார் இந்த சுபாஷ் முகர்ஜி?

1978 ஜூலை 25-ல் இங்கிலாந்தில் பிறந்த உலகின் முதல் சோதனைக் குழாய் குழந்தைக்கு ஹார்மோன் ஊசியே போடலை; இயற்கையாக வளர்ந்த ஒரே கருமுட்டைதான். கொல்கத்தா டாக்டர் சுபாஷ் முகர்ஜி வேறு வழியில் போனார். மாதவிடாய் நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுத்த ஹார்மோனை ஊசியாகப் போட்டு, பல முட்டைகளை வளர்த்தார். கருவை உறையவைத்து, பிறகு கருப்பையில் வைத்தார். அக்டோபர் 3-ல் துர்கா பிறந்தாள்.

மேற்கு வங்க அரசு அமைத்த குழு நம்பலை. 1981-ல் அவரைக் கண் மருத்துவப் பிரிவுக்குத் தூக்கியடித்தாங்க. அந்த ஜூனில் உயிரை மாய்த்துக்கொண்டார்.

1986-ல் ‘இந்தியாவின் முதல்’ சோதனைக் குழாய் குழந்தையை உருவாக்கியவராகப் பேசப்பட்ட விஞ்ஞானி ஆனந்த குமாரே, முகர்ஜியின் குறிப்புகளைப் படித்துவிட்டு, 1997-ல் அந்தப் பெருமையை அவருக்கே கொடுத்தார்.

இப்போ ஆய்வகத்தில் தயாராகும் எஃப்.எஸ்.எச். ஊசியும் வந்தாச்சு. முகர்ஜி நம்பிய சிறுநீர் ஹார்மோனும் இன்னும் புழக்கத்தில்தான் இருக்கு.