ஊருக்கே குரல் கொடுத்த பீட்டர் ஜென்சன்

மாரியம்மன் பண்டிகைக்குக் கம்பம் நட்டாச்சு என்றால் எங்க ஊர் வேப்பமரத்தில் குழாய் ஸ்பீக்கர் ஏறிவிடும். பாட்டுச் சத்தம் அடுத்த ஊர்க் கரும்புக் காடு வரைக்கும் போகும். அந்தக் குழாய்க்கும் அதன் பின்னால் திருகியிருக்கும் யூனிட்டுக்கும் முன்னோடி யார் என்று தேடியபோது கிடைத்தவர்தான் பீட்டர் ஜென்சன்.

இவர் டென்மார்க் நாட்டின் ஃபால்ஸ்டர் தீவில் 1886ஆம் ஆண்டு மே 16ஆம் நாள் பிறந்தார். தகப்பனார் காலமானதால் பல்கலைக்கழகம் போக முடியவில்லை. 1903ல் வால்டெமார் பவுல்சன் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார். லாரிப் பட்டறையில் வேலை பழகிய என் அப்பா, இந்த வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

1909ல் பவுல்சனின் கம்பியில்லாத் தந்திக் கருவிகளோடு அமெரிக்கா போனார். அங்கே ஸ்டான்ஃபோர்டில் படித்த எட்வின் பிரிட்ஹாம் நண்பரானார். இருவரும் 1911 முதல் கலிபோர்னியாவின் நாபா ஊரில் ஒரு சின்ன வீட்டில் ஆராய்ச்சி செய்தார்கள். பலமான காந்தத்தின் நடுவே செம்புக் கம்பிச் சுருள். அதோடு சேர்ந்தாடும் மெல்லிய தகடு. இந்த எண்ணம் சீமென்ஸுக்கு 1874லும் ஆலிவர் லாட்ஜுக்கு 1898லும் தோன்றியதுதான். ஆனால் அதை ஊரே கேட்கும்படி செய்து காட்டியது இவர்கள்.

வேடிக்கை என்னவென்றால், இவர்கள் செய்ய நினைத்தது டெலிபோனில் காதில் வைக்கும் கருவி! டெலிபோன் கம்பெனி வேண்டாம் என்றுவிட்டது. பேஸ்பால் ஆட்டத்தில் அறிவிப்பாளர் பேசுவது கேட்கவே இல்லை என்று குறைப்பட்ட ஒரு கொல்லர்தான், இதைக் கூட்டத்துக்குப் பயன்படுத்தலாமே என்று யோசனை சொன்னாராம். உடனே கிராமபோன் குழாய் ஒன்றைப் பொருத்தினார்கள். மைக் பக்கத்திலேயே இருந்ததால் பயங்கரமாக ஊளையிட்டது. நம்ம மேடையில் மைக்கை ஸ்பீக்கருக்கு நேரே பிடித்தால் கத்துமே, அதேதான். பிறகு குழாயைக் கூரைமேல் ஏற்றி, மைக்கை வீட்டுக்குள் வைத்தார்கள். ஒரு மைல் தூரம் கேட்டது.

1915 டிசம்பர் 24 அன்று சான்பிரான்சிஸ்கோ நகர மண்டபத்தின் முன் பல்லாயிரம் பேர் இவர்கள் கருவியில் கிறிஸ்துமஸ் இசை கேட்டார்கள். 1917ல் மேக்னவாக்ஸ் கம்பெனி உருவானது. லத்தீன் மொழியில் பெருங்குரல் என்று பொருள். 1919 செப்டம்பர் 19 அன்று சான்டியாகோவில் ஜனாதிபதி வில்சன் சுமார் 50,000 பேருக்கு இதன் வழியாகவே பேசினார்.

குழாய் என்ன செய்கிறது? சின்னத் தகடு வெறுங்காற்றைத் தள்ளினால் வேலை வீணாகும். கொஞ்சம் கொஞ்சமாக விரியும் குழாய் அந்தத் தள்ளலை வெளிக்காற்றுக்குச் சேதாரமில்லாமல் ஒப்படைக்கிறது. ஆனால் சின்னக் குழாயில் நடுத்தர ஒலிதான் நன்றாக வரும். பேச்சு புரியும், தவில் அடி வராது. அதனால் பிற்காலத்தில் ஒரே குழாயில் பல ஸ்பீக்கர்களை வைத்தார்கள். நாங்களும் பிளைவுட்டில் ஒன்று செய்தோம். தொண்டையில் டுவீட்டர், பக்கச் சுவர்களில் நான்கு மிட்ரேஞ்ச். பேச்சு பானைக்குள்ளிருந்து வருவது போல இருந்தது! காரணம் நாங்கள் போட்ட ஓட்டைதான். தொண்டையிலிருந்து 14 செ.மீ. தள்ளிப் போட்டுவிட்டோம். மிட்ரேஞ்சின் ஒலி தொண்டைக்குள்ளும் போய் மோதித் திரும்புகிறது. அந்தத் தூரம் அலைநீளத்தில் கால்பங்கு ஆனால், திரும்பி வரும் ஒலி நேர் ஒலியை அழித்துவிடும். 14 செ.மீ.க்கு அது சுமார் 600 ஹெர்ட்ஸ், பேச்சின் நடு மையம். 1000 ஹெர்ட்ஸ் வரை மிட்ரேஞ்ச் பாட வேண்டுமானால் 8.5 செ.மீ.க்குள் ஓட்டை இருக்க வேண்டும்.

ஜென்சன் 1925ல் மேக்னவாக்ஸை விட்டு விலகி, 1927ல் தன் பெயரிலேயே ஸ்பீக்கர் கம்பெனி தொடங்கினார். பிறகு அதையும் விட்டு கிராமபோன் ஊசி தயாரித்தார். 1956ல் டென்மார்க் மன்னர் வீரப்பட்டம் தந்தார். 1961 அக்டோபரில் மறைந்தார்.

எங்கள் பழைய பலகையைக் கழற்றிவிட்டோம். புதிதில் 7 செ.மீ.யில் ஓட்டை போட்டாச்சு. பசை காய்ந்துகொண்டிருக்கிறது.