மோரின் கொனொலி: குதிரை கேட்ட சிறுமி

கலிபோர்னியாவின் சான் டியேகோ நகரிலே 1934ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் பிறந்த மோரின் கொனொலி முதலில் விரும்பியது ரெனிஸ் மட்டையை அன்று; குதிரையையே. குதிரையேற்றம் பயிற்றுவிக்கத் தாயாரிடம் பொருள் இல்லை. ஆதலின் வீட்டிற்கு அண்மையிலிருந்த நகரசபை ரெனிஸ் தரைகளின் ஓரத்தில் நின்று வேடிக்கை பார்த்தாள். அங்குப் பயிற்றுநராயிருந்த வில்பர் போல்சம் அவளது ஆவலைக் கண்டு ஆட்டத்திற் சேர்த்துக்கொண்டார். அப்பொழுது அவளுக்கு வயது பத்து. இடக்கை வழக்கமுடைய அவளை வலக்கையால் ஆடப் பழக்கியவரும் அவரே.

வேடிக்கையாய்த் தொடங்கிய ஆட்டம் நெடுநாள் வேடிக்கையாய் நிற்கவில்லை. அடுத்து வாய்த்த ஆசிரியை எலீனர் ரெனன்ற் புகழ் வாய்ந்தவர். ஆயினும் எதிரே நிற்பவரை வெறுத்தாலன்றி வெற்றி இல்லை என்னும் கொள்கையுடையவர். சிறுமியும் அதனை முற்றாக ஏற்றாள். வெற்றிகள் குவிந்தன என்பது மெய்யே. 1951இல், பதினாறு வயதில், அமெரிக்க வாகைப்பட்டம், 1952இல் விம்பிள்டன். அவ்வாண்டு விம்பிள்டனிலே தோள் நோவு காரணமாக விலகுமாறு ஆசிரியை வற்புறுத்த, மோரின் மறுத்து ஆடி வென்றார், இருவரும் பிரிந்தனர். 1953இல் அவுஸ்திரேலிய, பிரெஞ்சு, விம்பிள்டன், அமெரிக்கப் பட்டங்கள் நான்கையும் ஒரே ஆண்டில் வென்ற முதற் பெண்மணி ஆனார். அந்நான்கு போட்டிகளிலும் அவர் இழந்தது ஒரே ஒரு செற். ஆனால், அச்சமும் வெறுப்புமே தம்மை ஓட்டின என்று 1957இல் வெளிவந்த தம் வரலாற்று நூலிலே ஒளிவின்றி எழுதினார். மைதான ஓரத்தில் நின்று பிள்ளைகளை அதட்டும் நம்மவர் சிலர் இதனை ஒருமுறை எண்ணிப்பார்க்கலாம்.

விம்பிள்டன் வெற்றிக்காக நகரத்தார் அவருக்கு ஒரு குதிரையைப் பரிசளித்திருந்தனர். சிறுவயது ஆசை நிறைவேறிற்று. 1954 யூலை 20ஆம் நாள் அக்குதிரைமேற் செல்கையில் லொறி ஒன்று மோதி வலக்கால் சிதைந்தது. பத்தொன்பது வயதில் ஆட்டவாழ்வு முடிந்தது.

மறு ஆண்டில் ஒலிம்பிக் குதிரையேற்ற வீரரான நோர்மன் பிரிங்கரை மணந்து இரு பெண்மக்களுக்குத் தாயானார். 1968இல், நோயுற்றிருந்த காலத்தில், நான்சி ஜெவெற் அம்மையாருடன் இணைந்து டலஸ் நகரில் இளையோர் ரெனிசுக்கென ஒரு நிதியம் நிறுவினார். அவருடைய செல்லப்பெயரைத் தாங்கிய ‘லிற்றில் மோ’ போட்டிகளிலே சின்னஞ்சிறார் ஆடுகின்றனர். 2012 முதல் பத்து வயதுக்கு உட்பட்டோர் போட்டிகளில், வழக்கமான மஞ்சட் பந்தை நீக்கி, மெதுவாக எழும் பந்துகளையே பயன்படுத்தல் வேண்டும் எனச் சர்வதேசச் சம்மேளனமும் விதித்துள்ளது. அவர் மட்டை பிடித்த நாளில் அத்தகைய சலுகை எதுவும் இல்லை.

1969 யூன் 21ஆம் நாள், விம்பிள்டன் தொடங்க இரு நாள்கள் இருக்கையில், புற்றுநோயால் அவர் காலமானார். வயது முப்பத்துநான்கு.