நெய்யாற்றின்கரை தந்த சுதேசாபிமானி

தனுவச்சபுரம்: நமக்கு அருகேயுள்ள நெய்யாற்றின்கரையில் 1878 மே 25-ல் பிறந்தவர் கே. ராமகிருஷ்ண பிள்ளை. 1906-ல் வக்கம் அப்துல் காதர் மௌலவி நடத்திய 'சுதேசாபிமானி' பத்திரிகைக்கு ஆசிரியரானார். அந்தப் பெயரே அவருக்கும் நிலைத்தது.

திவானாக இருந்தாலும் தவறு தவறுதான், அதை எழுதுவது பத்திரிகைக்காரன் கடமை என்பது அவர் கொள்கை. திவான் பி. ராஜகோபாலாச்சாரியின் ஆட்சியைக் கடுமையாகக் கண்டித்தார். ஆபத்து வரும் என்று தெரிந்தும் பேனாவைக் கீழே வைக்கவில்லை. 1910 செப்டம்பர் 26-ல் அச்சகம் பறிமுதலாயிற்று. அவரைக் கைது செய்து, திருவிதாங்கூர் எல்லை தாண்டித் திருநெல்வேலிச் சீமையில் கொண்டுபோய் விட்டார்கள். 1912-ல் கார்ல் மார்க்ஸின் வாழ்க்கையை மலையாளத்தில் எழுதினார். 1916 மார்ச் 28-ல், 37 வயதில், கண்ணூரில் காலமானார்.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். புலையர் பிள்ளைகளின் பள்ளி உரிமைக்காக அய்யன்காளி போராடிய அதே 1910-ல், அவர்களை மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் உட்கார வைப்பதை இவர் எதிர்த்து எழுதினார். எல்லாருக்கும் பொருந்துகிற விதிதான் அறம் என்பது ஜெர்மன் அறிஞர் காண்ட் வகுத்த அளவுகோல். திவானுக்கு அந்த அளவுகோலைப் பிடித்தவர், தம் ஜாதிக்குப் பிடிக்கத் தவறிவிட்டார். அவருடைய துணிவைப் போற்றும்போது இதையும் நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.