கடிதத்தில் வைத்தியம் பார்த்த டாக்டர் வில்லியம் கலன்

தீராத வயிற்று வருத்தம் உள்ள ஒருவர், வைத்தியரை நேரில் காணாமலே தன் நோயைக் கடிதத்தில் எழுதி அனுப்பிவிட்டு மறுமொழிக்குக் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது. 18ஆம் நூற்றாண்டு ஸ்கொட்லாந்தில் அத்தகைய கடிதங்கள் ஏராளமாக வந்து சேர்ந்த இடம், எடின்பரோவில் டாக்டர் வில்லியம் கலனின் வீடு.

1710இல் ஹமில்டன் என்னும் சிற்றூரில் பிறந்த கலன், இளவயதில் கப்பல் வைத்தியராக மேற்கிந்தியத் தீவுகள் வரை சென்று வந்தவர். பின்பு கிளாஸ்கோவிலும், 1755 முதல் எடின்பரோவிலும் பல்கலைக்கழகத்தில் கற்பித்தார். மருத்துவத்தை லத்தீனில் போதிப்பதே வழக்கமாயிருந்தபோது, மாணவருக்கு விளங்கும் ஆங்கிலத்தில் விரிவுரை செய்தார்.

பசியின்மை, குமட்டல், ஏப்பம், நெஞ்செரிவு, வயிற்றுப் பொருமல், மலச்சிக்கல் ஆகிய எல்லாவற்றையும் சேர்த்து அவர் ஒரே நோயாகக் கண்டார். இரைப்பையின் தசைகள் பலமிழப்பதே அதற்குக் காரணம் என்றார். இரைப்பையில் ஐதரோகுளோரிக் அமிலம் இருப்பதை வில்லியம் புரவுட் காட்டியது 1824இல்தான். நாங்கள் உயிரியல் பாடத்தில் ஒரே வரியில் படித்துவிட்டுப் போகும் அந்த விடயம் கலனுக்குத் தெரிய வழியில்லை.

அதனால் அவர் மருந்தை மட்டும் நம்பவில்லை. கசப்பு மருந்து, இரும்புச் சத்து, மலமிளக்கி என்பவற்றோடு, என்ன உண்பது, எவ்வளவு உண்பது என்றும் எழுதினார். குதிரைச் சவாரியை மிகவும் வலியுறுத்தினார். மது, புகையிலை, சோம்பல், மனக்கவலை, அளவுக்கு மீறிய படிப்பு எல்லாம் இரைப்பையைக் கெடுக்கும் என்றார். தேயிலையும் அந்தப் பட்டியலில் உண்டு. இதை வாசித்துக் காட்டியபோது உம்மா ஒப்புக்கொள்ளவில்லை!

அப்போது வைத்தியர்கள் நோயாளியின் உடலைத் தொட்டுப் பார்ப்பதே குறைவு. ஸ்டெதஸ்கோப் கூட 1816இல்தான் வந்தது. நோயாளி சொல்வதுதான் வைத்தியருக்கு முக்கிய ஆதாரம். தான் எழுதிய மறுமொழிகளுக்கும் கலன் பிரதி வைத்திருந்தார். முதலில் ஆள் வைத்துப் பார்த்தெழுதச் செய்தார். 1781 முதல் ஜேம்ஸ் வாட்டின் பிரதியெடுக்கும் இயந்திரத்தைப் பயன்படுத்தினார். மை காயுமுன் கடிதத்தின் மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்தினால் எழுத்து அதில் பதியும்.

ஆனாலும் அவரால் முடியாதவை இருந்தன. புகழ்பெற்ற தத்துவஞானி டேவிட் ஹியூம் 1775இல் குடல் நோயால் பாதிக்கப்பட்டார். எடின்பரோவில் அவரைப் பார்த்த வைத்தியர்களுள் கலனும் ஒருவர். வருத்தம் குடலிலா ஈரலிலா என்பதிலேயே வைத்தியர்கள் வேறுபட்டார்கள். பாத் நகரின் ஊற்று நீரும் ஹியூமைக் குணப்படுத்தவில்லை. 1776 ஆகஸ்ட் 25இல் அவர் காலமானார். அந்தக் கடைசி நாட்களைத் தன் பழைய மாணவரான வில்லியம் ஹன்டருக்கு எழுதியவரும் கலன்தான்.

கலன் 1790 பெப்ரவரி 5இல் இறந்தார். நோயாளிகளின் கடிதங்களும் அவருடைய மறுமொழிப் பிரதிகளுமாக ஆயிரக்கணக்கானவை எடின்பரோ மருத்துவர் கல்லூரியில் இன்றும் உள்ளன. முதல் நாள் சாப்பிட்டது என்ன, இரவில் எத்தனை தடவை எழும்பினோம் என்று யாரோ வெட்கப்படாமல் எழுதியதெல்லாம் அவற்றில் அப்படியே இருக்கிறது.