தோட்டத் தொழிலாளருக்குப் பேரம் பேசிய பி.பி. நாராயணன்

காம்பார், ஈப்போ வட்டாரத்தில் படிக்கும் மாணவர்களில் பலருக்குத் தாத்தாவோ பாட்டியோ பால்மரம் வெட்டியவர்களாக இருப்பார்கள். விடியும் முன்பே பெரட்டுக்குப் போய், கிராணி பேர் கூப்பிட்டதும் வேலைக்காட்டுக்கு நடந்தவர்கள் அவர்கள். அவர்களின் ஒரு நாள் கூலி இவ்வளவுதான் என்று யார் முடிவு செய்தார்கள்? நெடுங்காலம் அது தோட்ட முதலாளிகளின் முடிவாகவே இருந்தது. அந்த முடிவில் தொழிலாளிக்கும் பங்கு உண்டு என்ற நிலையை ஏற்படுத்தியவர்களுள் முக்கியமானவர் பி.பி. நாராயணன்.

1923-இல் கேரளத்தில் பிறந்த நாராயணன், 1938-இல் பதினைந்து வயதில் மலாயாவுக்கு வந்தார். ஜப்பானியர் ஆட்சி முடிந்தபோது தோட்டங்களில் பசியும் நோயும் மிகுந்திருந்தன. சயாம் மரண ரயில் பாதைக்குப் போன பலர் திரும்பவே இல்லை. அந்தச் சூழ்நிலையில் நெகிரி செம்பிலானில் இந்தியத் தொழிலாளர் சங்கப் பணியில் அவர் இறங்கினார். தாய்மொழி மலையாளமாக இருந்தாலும், அவர் பணி பெரும்பாலும் தமிழ்த் தொழிலாளர்களிடையே அமைந்தது.

அது சங்கத்தின் பெயரைச் சொல்லவே அஞ்சிய காலம். 1948-இல் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டது. இடதுசாரித் தொழிற்சங்கத் தலைவர் எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். சங்கத்தில் சேர்ந்தால் என்ன ஆகுமோ என்று லயங்களில் மக்கள் பயந்தனர். சட்டத்திற்கு உட்பட்டு, முதலாளிகளோடு பேசியே உரிமை பெறும் வழியை நாராயணன் தேர்ந்தெடுத்தார்.

ஆனால் பேசுவதற்கும் பலம் வேண்டும். ஒரு தோட்டத்தில் வேலை நின்றாலும் பக்கத்துத் தோட்டத்தில் பால் வந்துகொண்டிருந்தால் முதலாளிக்கு இழப்பு குறைவு. முதலாளிகள் ஒரே அமைப்பாகத் திரண்டிருந்தார்கள். தொழிலாளர்களோ மாநிலத்துக்கு ஒரு சங்கமாகப் பிரிந்து கிடந்தார்கள். கொரியப் போரின்போது உச்சத்துக்குப் போன ரப்பர் விலை பின்னர் சரிந்தது. கூலியைக் குறைக்க வேண்டும் என்ற பேச்சும் கூடவே வந்தது. பிரிந்து நின்றால் தாக்குப்பிடிக்க முடியாது என்பது அப்போது தெளிவானது.

1954-இல் ஐந்து சங்கங்கள் இணைந்து தேசிய தோட்டத் தொழிலாளர் சங்கம் உருவானது. நம் பேரா மாநிலத் தோட்டத் தொழிலாளர் சங்கமும் அவற்றில் ஒன்று. நாராயணன் அதன் பொதுச் செயலாளரானார். அதன்பின் நாடு முழுவதும் உள்ள தோட்டங்களுக்காக ஒரே சங்கம், முதலாளிகளின் ஒரே அமைப்போடு பேசத் தொடங்கியது. இதைத்தான் கூட்டுப் பேரம் என்கிறோம்.

அந்தப் பேரத்தின் மையமாக இருந்தது ரப்பர் விலை. விலை ஏறும்போது லாபத்தில் தொழிலாளிக்கும் பங்கு வேண்டும். விலை இறங்கும்போது அவன் குடும்பம் பட்டினி கிடக்கக்கூடாது. இதற்கு அடிப்படைக் கூலி ஒன்றும், விலையைப் பொறுத்துக் கூடிக் குறையும் தொகை ஒன்றும் தேவைப்பட்டன. உலகச் சந்தை நிலவரம், ஏக்கருக்கான விளைச்சல், உற்பத்திச் செலவு எல்லாம் தெரிந்தவர்களால்தான் இப்படிக் கணக்குப் போட்டுப் பேச முடியும்.

1962-இல் நாராயணனுக்கு மகசேசே விருது கிடைத்தது. 1975 முதல் 1992 வரை சுதந்திரத் தொழிற்சங்கங்களின் அனைத்துலகச் சம்மேளனத்திற்கு அவர் தலைவராக இருந்தார். கூட்டுப் பேர உரிமைக்கான போராட்டம் ஆப்பிரிக்காவிலும் சூடுபிடித்திருந்த காலம் அது. தென்னாப்பிரிக்காவில் 1924-ஆம் ஆண்டுச் சட்டம் கறுப்பினத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை ஊழியர் என்ற சொல்லுக்குள்ளேயே சேர்க்கவில்லை. ஆகவே அவர்கள் சார்பில் பதிவு பெற்ற சங்கம் பேரம் பேச வழியில்லை. 1979-இல்தான் அந்தக் கதவு திறந்தது. நிறவெறிக்கு எதிராக நின்ற அந்நாட்டுத் தொழிற்சங்கங்களுக்கு நாராயணன் தலைமையேற்றிருந்த சம்மேளனம் துணை நின்றது.

நாராயணனைக் குறை கூறியவர்களும் உண்டு. அவர் மிதவாதி, வேலைநிறுத்தத்தைத் தவிர்த்தவர், அதனால்தான் தோட்டக் கூலி மற்றத் துறைகளைவிடப் பின்தங்கியது என்பது அவர்கள் வாதம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. மழை பெய்தால் பால் வெட்ட முடியாது. வெட்டாத நாளில் வருமானம் குறையும். இதற்குத் தீர்வாகக் கேட்கப்பட்ட மாதச் சம்பளம் 1996-இல் அவர் மறையும் வரை கைகூடவில்லை. ஆனால் அவசரகாலக் கெடுபிடிகளுக்கு நடுவே கட்டிய சங்கம் உடையாமல் நின்றதும், சிதறிக் கிடந்த தோட்ட மக்கள் ஒரே ஒப்பந்தத்தின் கீழ் வந்ததும் அவர் பணியின் பலன்.

குறைந்தபட்சச் சம்பளத்தை இன்று சட்டமே நிர்ணயிக்கிறது. 2013-இல் தீபகற்பத்தில் 900 ரிங்கிட்டாகத் தொடங்கிய அது, 2025-இல் 1,700 ரிங்கிட்டானது. அதற்கு மேல் எவ்வளவு, என்னென்ன சலுகை என்பதெல்லாம் பேசிப் பெற வேண்டியவை. 1967-ஆம் ஆண்டுத் தொழில் உறவுச் சட்டப்படி ஒரு கூட்டு ஒப்பந்தம் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குச் செல்ல வேண்டும். மாணவர்களே, நாளை வேலை நியமனக் கடிதம் கைக்கு வரும்போது சம்பளத் தொகையோடு இன்னொன்றையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே சங்கம் இருக்கிறதா, கூட்டு ஒப்பந்தம் இருக்கிறதா?