ஸ்டீயரிங்கில் ‘ஙொய்ங்’ சத்தமா? விடை டேவிஸ் வாழ்க்கையில் இருக்கு!

பழைய காரில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது மட்டும் சத்தம் வருதா? ஏன்னு புரியணும்னா ஃபிரான்சிஸ் டேவிஸைத் தெரிஞ்சுக்கணும்.

1887-ல் அமெரிக்காவில் பிறந்த டேவிஸ், ஹார்வர்டில் படித்தவர். பியர்ஸ்-ஆரோ நிறுவனத்தின் லாரிப் பிரிவில் இன்ஜினீயர். கனமான வண்டிகளைத் திருப்புவது எவ்வளவு சிரமம்னு தெரிந்தவர், வேலையை விட்டுவிட்டு வால்தம் நகரில் சொந்தப் பட்டறை போட்டார்.

அவர் வடிவமைப்பின் சூட்சுமம் இதுதான்: பம்ப் ஆயிலை ஓயாமல் சுற்றவிடும். ஸ்டீயரிங்கைத் திருப்பினால் மட்டுமே வால்வு வழியை அடைக்கும். அழுத்தம் ஏறி சக்கரத்தைத் திருப்ப உதவும்.

1926-ல் ஜெனரல் மோட்டார்ஸ் அவரோடு ஒப்பந்தம் போட்டது. பொருளாதார மந்தம் வந்ததும், செலவு அதிகம்னு 1934-ல் கைவிட்டது. 1951-ல் கிரைஸ்லர், இம்பீரியல் காரில் பவர் ஸ்டீயரிங்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அடிப்படை? காலாவதியாகிவிட்ட டேவிஸின் காப்புரிமைகள்!  1978-ல் டேவிஸ் மறைந்தார்.

இன்றைய புது கார்கள் பலவற்றில் மின்மோட்டார்தான். ஆனா ஆயிலில் இயங்கும் பழைய வண்டிகளில் ஓடுவது அவரோட தத்துவம். ஆயில் குறைஞ்சா பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும். திருப்பி அழுத்தம் ஏறும்போது அலறும். அதனால ‘பம்ப் போச்சு’ன்னு முடிவு கட்டாதீங்க. முதல்ல ஆயில் அளவு, நுரை, ஓஸ் கசிவு, தளர்ந்த பெல்ட் இதையெல்லாம் பாருங்க. கடைசி வரை திருப்பிப் பிடிச்சா வரும் ‘உஸ்’ மட்டும் சகஜம்தான். அப்படியே ரொம்ப நேரம் பிடிச்சுட்டு இருக்காதீங்க.